சூரியனுக்குப் பொருத்துக்கூலி தனி

அத்தியாயம் 17

சூரியனின் விலை மூவாயிரத்து இருநூறு வெள்ளி. பொருத்துக்கூலி தனி.

1984-இல் கிள்ளானில் அந்த விலைக்குச் சூரியனை விற்க ஒரே ஓர் ஆள் இருந்தார், சோமசுந்தரம். வாங்கத்தான் ஆள் இல்லை.

பெர்த்திலிருந்து கப்பலேறி வந்த பன்னிரண்டு சூரிய வெந்நீர்த் தொட்டிகளில் ஒன்று அவர் வீட்டுக் கூரையில் வெயில் காய்ந்துகொண்டிருந்தது. மீதிப் பதினொன்றும் போர்ட் கிள்ளான் கிடங்கில் பெட்டி பிரிக்காமல் கிடந்தன. போட்ட முதல் முழுவதும் அவர் மனைவி விசாலத்தின் சீதனப் பணம். ஈப்போவில் பழைய இரும்பும் புது ஆணியும் விற்றுச் சேர்த்து அவள் அப்பச்சி, அதாவது தகப்பனார், கொடுத்தது.

போன வாரம் நாம் விசாலத்தைக் கூரை ஏணியின் அடியில் விட்டுவிட்டு வந்தோம். மூன்று நாள் மழை. தொட்டியில் தண்ணீர் வெதுவெதுப்பு. அதே நேரம் பார்த்து மாமனார் அண்ணாமலை செட்டியார் தீர்ப்பு எழுதிவிட்டார்.

"மூணு மாசம் பார்த்தாச்சு. வர்ற சனிக்கிழமை மத்தியானத்துக்குள்ள விக்கலைன்னா, பூச்சோங் ஜெயராஜ் பாதி விலைக்கு எடுத்துக்கிறேங்கறான். லோரி வந்து அள்ளிக்கிட்டுப் போகட்டும்."

இன்றைக்குச் சனிக்கிழமை.

போதாததற்கு, சோமசுந்தரத்தின் அண்ணன் அடைக்கப்பனின் மகள் நாச்சாளைப் பெண் பேச, பினாங்கிலிருந்து பஸ் வைத்துக்கொண்டு இருபத்து நான்கு பேர் வருகிறார்கள். சனிக்கிழமையில் பேச்சா என்று நாச்சாளின் தாய் நாச்சம்மை முணுமுணுத்தாள். தங்கும் விடுதி நடத்துகிற சம்பந்திக்கு வேறு நாள் ஒழியவில்லை. ஒன்பது மணிக்கு ராகுகாலம். அதற்கு முன் எல்லோரும் குளித்து, பலகாரம் சாப்பிட்டு, பேச்சைத் தொடங்கிவிட வேண்டும்.

விடிவதற்கு முன்பே விசாலம் துண்டுகளை மடித்து அடுக்கிக்கொண்டிருந்தாள். நாச்சாள் பக்கத்தில் வந்து நின்றாள். தலையில் பூ, முகத்தில் தூக்கம் இல்லை.

"எத்தனை துண்டு சித்தி?"

"இருபத்து நாலு. வர்ற தலை அத்தனை."

"இருபத்து மூணு போதாதா?"

"ஏன், உன் மாப்பிள்ளை ஈரத்தோடயே நிப்பாரா?"

நாச்சாள் சிரிக்கவில்லை. விசாலம் அதை அப்போது கவனிக்கவில்லை. அவள் கவனம் எல்லாம் கூரையில். நேற்று பதினொன்றிலிருந்து நாலு வரை நல்ல வெயில். ஐந்து மணி நேரச் சூரியன் முன்னூறு லிட்டர் தண்ணீருக்குள் போர்த்திப் படுத்திருக்கிறது. இன்னும் சுடுகிறதா?

குழாயைத் திறந்து விரலை நீட்டினாள். நீட்டிய வேகத்தில் எடுத்துக்கொண்டாள்.

சுட்டது.

சோமசுந்தரம் சட்டைப் பொத்தானை ஒன்று தள்ளிப் போட்டுக்கொண்டு நின்றார். கிடங்குக்குக் கிளம்புகிறார்.

"ஜெயராஜ் சீக்கிரமே வந்துருவானாம். நான் போகலைன்னா அப்பச்சி மானம் போகும்."

"போங்க. பன்னெண்டு மணி ஆகாம கையெழுத்து மட்டும் போட்டுராதீங்க."

"அவன் பேனாவை நீட்டுவானே விசாலம்."

"என் பேனாவாலதான் போடுவேன்னு சொல்லுங்க. உங்க பேனாவை இங்க குடுத்துட்டுப் போங்க."

சோமசுந்தரம் நல்ல மனிதர். பேனாவை எடுத்துக் கொடுத்துவிட்டுப் போனார். விசாலம் அதைத் தன் கொண்டையில் செருகிக்கொண்டாள்.

இந்த வீட்டு வழக்கம் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. நகரத்தார் வீட்டில் மகனுக்குக் கல்யாணம் ஆகிவிட்டால் அவன் தனிப் புள்ளி. ஒரே கூரைதான், ஆனால் அடுப்பு வேறு, உப்பு வேறு, மிளகாய் வேறு. அண்ணாமலை செட்டியார் இன்னும் ஒரு படி மேலே போய் லெட்ரிக் மீட்டரையும் வேறு வைத்தவர். கிழக்குப் பாதி அடைக்கப்பன் புள்ளி. மேற்குப் பாதி சோமசுந்தரம் புள்ளி. நடு ஹால் காற்றாடிக்கு ஆளுக்குப் பாதி. காற்று எந்தப் பக்கம் அதிகம் வீசுகிறது என்று ஒரு தீபாவளிக்குச் சண்டை வந்து, காற்றாடியை அரை அடி நகர்த்தி மாட்டிய குடும்பம் இது.

அதனால் தொட்டி கூரையேறிய அன்றே அடைக்கப்பன் சொல்லிவிட்டார்: "ஒரு புள்ளித் தண்ணி இன்னொரு புள்ளிக்குள்ள வரக்கூடாது. இன்னிக்கித் தண்ணிம்பாக, நாளைக்கிக் கூரையே எங்களுதும்பாக."

விசாலம் மறுபேச்சுப் பேசவில்லை. பைப் வேலைக்கு வந்த பிரிக்ஃபீல்ட்ஸ் கார்த்திகேசுவிடம் மட்டும் காதோடு காதாக ஒன்று சொன்னாள். அவர் ரயில்வே பட்டறையில் பாய்லர் பார்த்த யாழ்ப்பாணத்துக்காரர்.

"ஓம் பிள்ளை, விளங்குது" என்றார். சுவரைத் துளைத்து, கிழக்குப் புள்ளியின் பின்கட்டில் ஒரு முழம் செப்புக் குழாயை நீட்டி, மூடி போட்டு முறுக்கிவிட்டுப் போனார். அது எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. அடைக்கப்பன் அதில் மூன்று மாதமாகத் தன் குடையை மாட்டி வைத்திருந்தார்.

ஆறேகாலுக்கு பஸ் வந்தது.

முதலில் இறங்கியவர் வயிரவன் செட்டியார். பினாங்கில் பதினெட்டு அறை விடுதி. ஆளும் ஏறக்குறைய அந்த அளவு. கடைசியில் இறங்கியவன் மாப்பிள்ளை சாத்தப்பன். கண்ணாடி போட்ட, பேச்சில்லாத பையன்.

"மாப்பிள்ளை முதல்ல குளிக்கட்டும்" என்றார் அண்ணாமலை செட்டியார்.

"எல்லாரும் குளிக்கட்டும். நான் கடைசியில" என்றான் சாத்தப்பன்.

"என்ன மரியாதை பாருங்க!" என்று நாச்சம்மை பூரித்தாள்.

அடைக்கப்பன் மேல்துண்டை ஒரு சுழற்றுச் சுழற்றிப் போட்டுக்கொண்டார். சம்பந்திக்காக, ஹீட்டர் விற்கிற தன் கடையிலிருந்தே நாலு புது ஹீட்டர் கொண்டுவந்து மாட்டியிருந்தார்.

"நாலு பாத்ரூம், நாலு ஹீட்டர். சுவிட்சைத் தட்டினா சுடுதண்ணி." தம்பி மனைவி காதில் விழவேண்டும் என்று குரலைக் கொஞ்சம் உயர்த்தினார். "சிலபேர் மாதிரி சூரியன் பல் விளக்கிட்டு வர்ற வரைக்கும் நம்ம ஆளுக காத்திருக்க வேண்டியதில்ல."

வயிரவன் செட்டியாருக்கு ஒரு நியமம். சனிக்கிழமை எண்ணெய்க் குளியல் தவறாது. கப்பலில் போனாலும் தவறாது என்று அவரே சொன்னார். நல்லெண்ணெய்ப் புட்டியும் சீயக்காய்ப் பொட்டலமும் பினாங்கிலிருந்தே வந்திருந்தன. தலை முதல் கால் வரை தேய்த்துக்கொண்டு, இடுப்புத் துண்டோடு, குத்துவிளக்குப் போல மினுங்கி அவர் பாத்ரூமுக்குள் போனார். மற்ற மூன்றிலும் அவர் தம்பிமார் மூன்று பேர், அதே கோலத்தில்.

நாலு சுவிட்சும் ஒரே சமயத்தில் விழுந்தன.

'டப்.'

கிழக்குப் பாதி இருண்டது. காற்றாடி நின்றது. நாலு பாத்ரூமிலிருந்தும் நாலு குரல் வந்தது.

அடைக்கப்பன் ஃபியூஸ் கம்பி மாற்றினார். மறுபடி 'டப்'. கொஞ்சம் தடித்த கம்பியாகப் போட்டார். இந்த முறை சத்தம் வரவில்லை. பெட்டியிலிருந்து புகை வந்தது.

"யாராச்சும் லெட்ரிக்காரனைக் கூப்பிடுங்க!"

"சனிக்கிழமை காலையில அவன் பாசாருக்குக் காய்கறி வாங்கப் போயிருப்பான். ஒன்பதரைக்குத்தான் வருவான்" என்றாள் நாச்சம்மை. அவள் குரலில் அழுகை எட்டிப் பார்த்தது.

உள்ளேயிருந்து வயிரவன் செட்டியார் இரைந்தார். "அடைக்கப்பா! பச்சைத் தண்ணியில எண்ணெய் போகாது! சீயக்காய் கண்ணுல பூந்துருச்சு! நான் இப்படியே பொண்ணு பேசணுமா?"

மணி ஏழு பத்து.

மேற்குப் பக்கம் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அங்கே ஒரே ஒரு பாத்ரூம். பெரிய புள்ளியின் சம்பந்திகளைச் சின்னப் புள்ளி வாசலில் துண்டோடு வரிசையில் நிறுத்த அடைக்கப்பன் உயிர் போனாலும் சம்மதிக்க மாட்டார். ஆனால் எல்லோர் கண்ணும் அந்த விளக்கின் மேலேயே இருந்தது.

விசாலம் வந்தாள். ஒரு கையில் ஸ்பானர், மறு கையில் மூன்று மாதமாக அரிசி டின்னுக்குள் காத்திருந்த பித்தளைக் குழாய். நேராகப் பின்கட்டுக்குப் போனாள். குடையை எடுத்தாள்.

"அக்கா, பெரியவுக குடை." நாச்சம்மையிடம் நீட்டினாள். "மழை வர்ற மாதிரி தெரியல. உள்ள வச்சுருங்க."

அடைக்கப்பன் வாயைத் திறந்தார். உள்ளேயிருந்து சம்பந்தி இன்னொரு முறை இரைந்தார். அடைக்கப்பன் வாயை மூடிக்கொண்டார்.

மூடி கழன்றது. குழாய் ஏறியது. இரும்புக்கடையில் பிறந்தவளுக்கு அது தலை பின்னுகிற வேலை மாதிரி. தன் பக்கம் ஓடிப் போய் வால்வைத் திறந்தாள். பித்தளைக் குழாய் ஒரு தரம் இருமியது. பிறகு ஆவி பறக்கக் கொட்டியது.

அண்ணாமலை செட்டியார் அறுபது வருடம் வியாபாரம் பார்த்தவர். ஆவியைக் கண்டதும் அவர் வாயில் தானாக வந்த சொல் ஒன்றுதான்.

"எவ்வளவு?"

"குளிக்கட்டும் மாமா. கண்ணுல சீயக்காயோட நிக்கிறவககிட்ட வெலை பேசக் கூடாது."

கிழவர் மருமகளை ஒரு மாதிரி பார்த்தார். சரக்கைத் தொட்டுப் பார்க்கவிட்ட பிறகே விலை சொல்ல வேண்டும் என்று அவர் தன் மகன்களுக்கு முப்பது வருடம் சொல்லிக் கொடுத்திருந்தார். ஒருத்தன் மண்டையிலும் ஏறியதில்லை.

ஆனால் விசாலம் மனசுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். முன்னூறு லிட்டர். இருபத்து நான்கு உடம்பு. கொதிநீரை அப்படியே வாளி வாளியாகப் பிடித்தால் பத்தாவது ஆள் குளிரில் நிற்பான். பத்து பேருக்கு ஊற்றி நின்றுபோன தொட்டியை யாரும் வாங்க மாட்டார்கள்.

"அக்கா, ஒரு பங்கு சுடுதண்ணி, ரெண்டு பங்கு பச்சைத் தண்ணி. ஆளுக்கு ரெண்டு வாளி. அதுக்கு மேல கேட்டா?"

நாச்சம்மை சேலையை வரிந்து கட்டினாள். மூன்று மாதமாகக் கூரையைப் பார்த்துப் பெருமூச்சு விட்டுக்கொண்டிருந்தவள், குழாயடியில் முக்காலியைப் போட்டு உட்கார்ந்தாள். "நான் பார்த்துக்கறேன். நீ எண்ணு."

காலண்டர் தாளைத் திருப்பி வைத்து, கொண்டையிலிருந்து பேனாவை உருவி, விசாலம் எண்ண ஆரம்பித்தாள். நாலு கோடு, குறுக்கே ஒன்று.

ஐந்து. பத்து. பதினொன்றில் வயிரவன் செட்டியாரின் தங்கை மூன்றாவது வாளியை நீட்டினாள்.

"ஆச்சி, இது பினாங்குக் கடல் இல்ல, தொட்டி லா!" என்றாள் நாச்சம்மை.

"இதமா இருக்கே ஆச்சி, இன்னும் ஒரு வாளிதானே!"

"இதமாத்தான் இருக்கும். அடுத்தவகளுக்கும் இருக்கட்டும்."

பதினைந்து. இருபது. ஆவி கொஞ்சம் மெலிந்தது. விசாலம் விரலை நீட்டினாள். இப்போது விரலை எடுக்க அவசரம் இல்லை. ஆனாலும் சூடுதான். பங்கை மாற்றினாள், ஒன்றுக்கு ஒன்று. இருபத்து இரண்டு. இருபத்து மூன்று.

மணி எட்டு பத்து. தண்ணீர் தோற்கவில்லை.

வயிரவன் செட்டியார் சந்தனப் பொட்டும் பட்டு வேட்டியுமாக ஹாலில் வந்து உட்கார்ந்தார். இரண்டு இட்லிக்கு நடுவில் கேட்டார்.

"லெட்ரிக் இல்ல. காஸ் இல்ல. விறகுப் புகையும் இல்ல. எங்கேருந்து ஆச்சி வந்துச்சு இந்தத் தண்ணி?"

விசாலம் கூரையைக் காட்டினாள்.

"என் விடுதியில மாசா மாசம் பில்லு வர்றப்ப எனக்கு நெஞ்சு வலிக்குது. வெள்ளைக்காரப் பயலுக மணிக்கணக்கா நின்னு குளிக்கிறான். என்ன வெலை சொல்றீக?"

"மூவாயிரத்து இருநூறு. பொருத்துக்கூலி தனி."

செட்டியார் குலுங்கிச் சிரித்தார். "சூரியனுக்கு வெலை போட்ட முதல் ஆளு நீதான் ஆத்தா!"

"சூரியன் சும்மாதான் அய்யா. பிடிச்சு வைக்கிற பானைக்குத்தான் வெலை."

சிரிப்பு நின்றது. இப்போது அவர் வியாபாரி.

"ஆறு எடுத்துக்கறேன். ரெண்டாயிரத்து எண்ணூறு."

"ஆறு எடுத்தா மூவாயிரத்து இருநூறுதான். ரெண்டு அறைக்கு ஒரு தொட்டின்னு ஒன்பது எடுத்தா, பினாங்கு வரைக்கும் லோரிக்கூலி என்னுது."

"சம்பந்திக்கு ஒரு சலுகை கிடையாதா?"

"சம்பந்தம் இன்னும் பேசி முடியலையே அய்யா. அதுவரைக்கும் உங்களைக் கஸ்டமர்னு மரியாதையா நடத்தறேன்."

ஹாலில் சிரிப்பலை எழுந்தது. வயிரவன் செட்டியார் தொடையைத் தட்டினார். "ஒன்பது! எழுதிக்க!" பிறகு கண்ணைச் சுருக்கிக்கொண்டு அண்ணாமலை செட்டியார் பக்கம் திரும்பினார். விட்டதை வேறு வழியில் பிடிக்கிற கண் அது. "அண்ணே, பொண்ணோட சித்தப்பன் கூடவே இருக்கான், சரக்கும் வீட்டோடயே இருக்கு. சீர்ச் சாமானோட ஒரு தொட்டியைச் சேர்த்து வச்சுருங்களேன். பொண்ணு குளிக்கத்தானே?"

"அதுக்கென்ன, வச்சுட்டாப் போச்சு!" அடைக்கப்பன் முந்திக்கொண்டார். தம்பி சரக்கில் தன் மகளுக்குச் சீர். இதைவிட லாபம் உண்டா?

விசாலம் இரண்டு பக்கமும் எடை போட்டாள். இல்லை என்றால் நாச்சாளின் சம்பந்தம் கசக்கும். சரி என்றால் ஒரு சூரியன் சும்மா போகும்.

அவள் பேனாவை மாமனாரிடம் நீட்டினாள்.

"தாராளமா வைக்கலாம் மாமா. பெரிய புள்ளியோட மகளுக்குச் சீர். சின்னப் புள்ளிக்கிட்ட முழு வெலை குடுத்து வாங்கி, பெரிய புள்ளி வைக்கும். ஒரு புள்ளித் தண்ணி இன்னொரு புள்ளிக்குள்ள சும்மா வரக் கூடாதுன்னு பெரியவுகளே சொல்லியிருக்காக."



அடைக்கப்பன் தகப்பனைப் பார்த்தார். தகப்பன் மீட்டரைப் பார்த்தார், இரண்டு மீட்டரையும். அறுபது வருட நியாயம். அதை இன்றைக்கு உடைத்தால் நாளைக்கு உப்பிலிருந்து கேள்வி வரும்.

"வேறன்னா வேறதான்" என்றார் அண்ணாமலை செட்டியார். "அடைக்கப்பா, பணத்தை எண்ணி வை." மருமகள் பக்கம் திரும்பிக் குரலைத் தாழ்த்தினார். "ஈப்போக்காரன் உன்னை எனக்குக் கொறைஞ்ச வெலைக்குக் குடுத்துட்டான் ஆத்தா."

"அப்படின்னா ரெண்டா எண்ணுங்க." குழாயடியிலிருந்து நாச்சம்மையின் குரல் வந்தது. "நம்ம பக்கத்துக் கூரைக்கும் ஒண்ணு. இனிமே அந்த நாலு ஹீட்டரை நான் தொட மாட்டேன்."

விசாலம் போனுக்கு ஓடினாள்.

"நாலு பெட்டி லோரியில ஏத்தியாச்சு விசாலம்" என்றார் சோமசுந்தரம், கிடங்கிலிருந்து. குரலே குனிந்திருந்தது. "ஜெயராஜ் பேனாவைக் கையில திணிக்கிறான்."

"இறக்கச் சொல்லுங்க. பதினொண்ணும் வித்தாச்சு."

"பதினொண்ணா? யாரு வாங்கினது?"

"ஒன்பது பினாங்குக்கு. ரெண்டு உங்க அண்ணனுக்கு."



"எந்த அண்ணன்?"

"உங்களுக்கு எத்தனை அண்ணன்?"

சோமசுந்தரம் சிரித்த சிரிப்பு போனை விட்டு வெளியே வந்தது. "ஜெயராஜ் பாஸ், இறக்குங்க, இறக்குங்க! சாரி லா, சரக்கு போச்சு!" என்று அவர் கத்துவதைக் கேட்டுவிட்டுத்தான் விசாலம் போனை வைத்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள். சீயக்காய் ஆவி என்று யாராவது கேட்டால் சொல்லிக்கொள்ளலாம்.

மணி எட்டு நாற்பது.

"ராகுகாலத்துக்கு இருபது நிமிஷம் இருக்கு. பொண்ணைக் கூப்பிடுங்க. மாப்பிள்ளையையும் வரச் சொல்லுங்க" என்றார் வயிரவன் செட்டியார்.

நாச்சாள் அறை வாசலில் வந்து நின்றாள். பெண் பார்க்க வந்தவர்கள் முன் குனிய வேண்டிய தலை குனியவில்லை. அவள் நேராகச் சித்தியைப் பார்த்தாள். காலையில் சிரிக்காத உதட்டில் இப்போது ஒரு சிரிப்பு இருந்தது.

மாப்பிள்ளையை அழைக்கப் போன ஆள் வெறுங்கையோடு திரும்பி வந்து, பஸ்ஸுக்குள் பார்க்கிறேன் என்று போனான்.

விசாலம் மெதுவாகக் கொடியடிக்குப் போனாள். துண்டுகளை எண்ணினாள். மடித்து வைத்த இடத்துக்குப் போய் அங்கேயும் எண்ணினாள். பிறகு காலண்டர் தாளை எடுத்து, புருஷன் பேனாவால் கணக்கை முடித்தாள்.

கிடங்கில் இருந்தது பதினொன்று. பினாங்குக்கு ஒன்பது, சீருக்கு ஒன்று, கிழக்குக் கூரைக்கு ஒன்று. மீதி இல்லை. நேர்.

வந்த தலை இருபத்து நான்கு. நனைந்த துண்டு இருபத்து மூன்று, காலையில் நாச்சாள் சொன்ன அதே கணக்கு.

பாக்கி, மாப்பிள்ளை.